எல்லாக் கட்டத்திலும் பூச்சியம்

ஜனவரி 20, திங்கள்

பொங்கலுக்கு மாமா கொடுத்த காப்பீட்டு டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'எந்த இடரிலும் உங்களுடன் நாங்கள்' என்று அச்சடித்திருக்கிறது. இன்று தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு பாடவேளை முழுக்க நின்றேன். ஒருவரும் வரவில்லை.

குற்றம் சின்னதுதான். லீவு விடுவதற்கு முந்தின நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். 'பள்ளி திறக்கும் அன்று பதினோராம் வகுப்பில் வகையிடல் தொடங்கும். மாணவியர் ஆளுக்கொரு வகை கொண்டுவரவும். தலைமையாசிரியை உத்தரவுப்படி.' வகையிடல் என்பது எங்கள் கணக்குப் புத்தகத்தில் அடுத்த பாடம். என் வகுப்புக்காரிகள் படித்துச் சிரிப்பார்கள், யாராவது கிழித்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் நம்பிவிடும் என்று யார் கண்டது? இன்று காலை ஒரு படையே வந்திருந்தது. எலுமிச்சை சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், ஒருத்தி மட்டும் பணக்காரத்தனமாகத் தக்காளிச் சாதம், அப்பளம் தனி. தலைமையாசிரியை ஏதோ உணவுத் திருவிழா என்று நினைத்து இரண்டு கரண்டி எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, "நல்லாருக்கே, யார் ஏற்பாடு?" என்று கேட்ட பிறகுதான் தாளைப் பார்த்தார்.

"செண்பகக்கனி."

"டீச்சர்."

"பேர்ல பூவும் இருக்கு, பழமும் இருக்கு. செய்யுறது பூரா முள்ளு."

அது ஒன்பதாம் வகுப்பில் என்னைப் பற்றி நானே சொன்ன நகைச்சுவை. பெரியவர்கள் கூசாமல் திருடுகிறார்கள்.

மண்டி போடச் சொல்லப் போகிறார் என்று முழங்காலைத் தயார்ப்படுத்தினேன். கணக்கு எடுக்கும் ஜெயராணி டீச்சர் குறுக்கே வந்தார். "மண்டி போடச் சொன்னா அங்கன இருந்தும் நாலு பேரச் சிரிக்க வைப்பா. ஒரு பிள்ளைய இவ கையில கொடுங்க டீச்சர். அதான் இவளுக்குத் தண்டன."

பிள்ளையின் பெயர் பேச்சியம்மாள். பதினொன்று பி. எங்கள் பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். மாநில அணியின் முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறாள். சென்னையில் ஒரு மாதம். ஆனால் போன வருடம் முகாமுக்குப் போன இரண்டு அக்காக்கள் கணக்கில் கோட்டைவிட்டதால், கணக்கில் பாஸாகாதவளுக்கு அனுமதிக் கையெழுத்து இல்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பிப்ரவரி மூன்றாம் தேதி அலகுத் தேர்வு. பாடம், வகையிடல். அதில் பேச்சி பாஸ் என்றால் சென்னை. இல்லை என்றால் இல்லை.

அரசாங்கம் அவளைப் போன்றவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'மெல்லக் கற்போர்'. என்னைப் போன்றவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஜெயராணி டீச்சர், "இன்னும் வைக்கல, வையிறோம்" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

பெயர்தான் பேச்சி. பேச்சு கிடையாது.

மைதானத்து கேலரியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கோல்கீப்பர் போடும் தடித்த கால்காப்புகள், இரண்டு பெரிய தலையணைகள் மாதிரி. "எவ்வளவு தெரியும்?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அது தெரியும் என்றா தெரியாது என்றா என்பதற்கே ஒரு சூத்திரம் வேண்டும்.

நோட்டில் 'y = x⁴' என்று எழுதி, "அடுக்க முன்னால இறக்கு, அடுக்குல ஒண்ணக் கொற. நாலு எக்ஸ் மூணாம் அடுக்கு. அம்புட்டுத்தான்" என்றேன். அழகாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோட்டை அல்ல, அந்தப் பக்கம் யாரோ அடித்த பந்தை.

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். எப்போதும் என்னோடு சாப்பிடும் ரெபேக்காளும் மற்றவர்களும் வேப்பமரத்துக்கு இடம் மாறிவிட்டார்கள். சாத வகை விசாரணையில் அவள் பெயரும் அடிபட்டதாம், அவளுடைய அம்மா என்னோடு சேரக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வேப்பமரத்தில் எறும்பு அதிகம். அனுபவிக்கட்டும்.

ஜனவரி 22, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

அவள் கேலரியில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். பி.டி. டீச்சர் கீழே நின்று விசிலும் வசவுமாக இருந்தார். "தொட்ட செட்ட முடிக்காம நடுவுல நிக்கிறவ வீட்டுக்குப் போயிரு! உச்சியில இருந்து பொறப்பட்டா தரை வரைக்கும்!" ஒருத்திகூட நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்குள் மணி அடித்தது.

டீச்சர் போனதும் சாக்பீஸை எடுத்துப் படிகளில் எண் போட்டேன். தரை பூச்சியம், முதல் படி ஒன்று, அடுத்தது இரண்டு, அப்படியே.

"ஏட்டி பேச்சி, எக்ஸ் நாலாம் அடுக்குன்னா எங்க நிப்ப?"

யோசித்து நாலாம் படியில் போய் நின்றாள்.

"உன் பையில ஒண்ணு இருக்குன்னு வச்சுக்க. நிக்கிற படி எண்ணால அதப் பெருக்கிப் பையில போடு. ஒரு படி இறங்கு. இப்ப சொல்லு."

"பையில நாலு. நிக்கது மூணு."

"நாலு எக்ஸ் மூணாம் அடுக்கு. வகையிட்டாச்சு!"

அவள் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்து அவளாகவே இறங்கினாள். பையில் பன்னிரண்டு, நிற்பது இரண்டாம் படி. பையில் இருபத்துநாலு, முதல் படி. பையில் இருபத்துநாலு, தரை.

"தரையில நிக்கிறது மாறிலி. தரையோட நம்பர் பூச்சியம். பூச்சியத்தால பெருக்கு."

"பை காலி."

"அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

சிரித்தாள். பற்கள் இருப்பது இன்றுதான் தெரிந்தது. போகும்போது ஒன்று கேட்டாள். "இப்படி இறங்கி எங்கட்டி போறோம்?"

"சென்னைக்கு" என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நான்தான்.

ஜனவரி 25, சனி

ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். பொய் இல்லை, கிளாஸும் உண்டு, ஸ்பெஷலும் உண்டு.

பல்லுறுப்புக் கோவை ஆரம்பம். 3x² + 5x − 8 மாதிரி உறுப்புகள் கூட்டமாக வந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்க வேண்டும், அவ்வளவுதான். உறுப்புக்கு ஒன்றாகப் பழைய ஹாக்கிப் பந்துகளைப் படிகளில் வைத்தோம். எல்லாப் பந்தும் ஒவ்வொரு படி இறங்கும். தரையில் இருந்த பந்தை, அதாவது அந்த எட்டை, பேச்சி காலால் தட்டி வெளியே அனுப்பினாள். கோல்கீப்பர் கால். மைதானச் சுவர் வரை போனது.

"மாறிலிய இப்படியா அடிப்ப?"

"நீதான கதை முடிஞ்சுதுன்ன."

முகாமுக்குப் போக ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டேன். போன இரண்டு வருடமும் மாவட்ட அணியில் ரிசர்வாக உட்கார்ந்தே திரும்பியவள். நாடு, கொடி என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அங்கன தினமும் முட்ட உண்டு" என்றாள். பிறகு, "எல்லா பந்தும் எம் பக்கமே வரும். வெளிய உக்காந்து பாக்க வேண்டாம்" என்றாள். அவள் ஒரே மூச்சில் பேசியதில் இதுதான் நீளம்.

ஜனவரி 27, திங்கள்

டிபனில் இரண்டு முட்டை வைக்கச் சொன்னேன். "எதுக்கு ரெண்டு?" என்றாள் அம்மா. "மூளை வளர்ச்சிக்கு" என்றேன். யாருடைய மூளை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இப்போதெல்லாம் மதியம் கேலரியில்தான் சாப்பாடு. நிழல் உண்டு, எறும்பு இல்லை. ரெபேக்காள் வேப்பமரத்தடியில் இருந்து இரண்டு தடவை இந்தப் பக்கம் பார்த்தாள். நான் எண்ணவில்லை, தற்செயலாகக் கண்ணில் பட்டது.

பேச்சி இப்போது என்னைவிட வேகம். 2x³ − x² + 6x + 1 என்று சொல்லி முடிப்பதற்குள் தடதடவென்று இறங்கித் தரைக்கு வந்து கடைசிப் பந்தையும் வெளியே தட்டிவிட்டு, "காலி!" என்று கையைத் தூக்குகிறாள். ஒரு படியோடு நிற்பதே இல்லை. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் தரைவரை. கேட்டது ஒரு படி மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் இறங்கி வருவது பார்க்க நன்றாக இருந்தது. சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடும், பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 30, வியாழன்

சும்மா இருக்க முடியாமல் ஜெயராணி டீச்சர் மேசையில் இருந்த சாக்பீஸ் டப்பாவில் இரண்டு தேங்காய் மிட்டாய்க் குச்சிகளைக் கலந்து வைத்தேன். பலகையில் எழுதப் போனவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார், பாடத்தைத் தொடர்ந்தார். இப்படிப்பட்ட எதிரியோடு என்ன செய்வது?

ஜனவரி 31, வெள்ளி

கடைசிப் பயிற்சி. பேச்சிக்கு ஒரு கணக்கிலும் பெருக்கல் தவறவில்லை. "எல்லாம் சரியா?" என்று கேட்டாள். "தங்கம்" என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

தேர்வு முடிந்தது. கேள்வித்தாளில் பாதிக்கு மேல் பல்லுறுப்புக் கோவைதான். என் விரல் நாட்டியம் ஆடியது. வெளியே வந்து பேச்சியைத் தேடினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாம் போட்டியா?"

"எல்லாம் தரை வரைக்கும் போட்டேன்."

சாயங்காலம் தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. தரை வரைக்கும். கிரைண்டர் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. உப்புப் போட மறந்துவிட்டேன், அம்மா கத்தினாள்.

பிப்ரவரி 5, புதன்

எல்லாக் கட்டத்திலும் பூச்சியம்.

எங்கள் பள்ளியில் கணக்கின் கடைசி விடையைக் கட்டம் கட்ட வேண்டும். பேச்சி ஸ்கேல் வைத்து, சிவப்புப் பேனாவால், வீட்டு வாசலுக்குச் செம்மண் இட்ட மாதிரி அத்தனை அழகாகக் கட்டம் கட்டியிருந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பூச்சியம். டீச்சர் பக்கத்தில் போட்ட மதிப்பெண்ணும் அதே.

அவள் தாளை வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடினேன். ஜெயராணி டீச்சர் டிபன் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், மொதப் படி சரியாத்தான போட்டிருக்கா? அதுக்காவது மார்க் கொடுக்கலாம்லா?"

"எது மொதப் படி? எழுதியிருக்கத அப்படியே படி."

படித்தேன். "எக்ஸ் நாலாம் அடுக்கு சமம் நாலு எக்ஸ் மூணாம் அடுக்கு, சமம் பன்னெண்டு எக்ஸ் வர்க்கம், சமம் இருபத்துநாலு எக்ஸ், சமம் இருபத்துநாலு, சமம்..." குரல் இறங்கிக்கொண்டே போனது. படி இறங்குவது போலவே.

"எக்ஸுக்கு ஒண்ணு போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். ஒன்று சமம் நாலு சமம் பன்னிரண்டு சமம் இருபத்துநாலு சமம் பூச்சியம்.

"ஒண்ணும் இருபத்துநாலும் ஒண்ணு, ரெண்டும் பூச்சியம். ரேசன் கடைக்காரனுக்கு இந்தக் கணக்கக் கொடு, சந்தோசப்படுவான்" என்றார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து அவரும் நிறுத்திக்கொண்டார். தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "ஒரு பெருக்கல்கூடத் தப்பில்ல பாத்தியா. சொல்லிக்கொடுத்தத அப்படியே எழுதியிருக்கா."

யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

கேலரியில் பேச்சி கால்காப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் எங்கயும் நடுவுல நிக்கலல்லா?"

"நிக்கல."

"தரை வரைக்கும் வந்தேன்லா?"

"வந்த."

"பெறகு ஏன்?"

கேலரி, பி.டி. டீச்சரின் விசில், கேள்வித்தாள் என்று யார் யார் மேலோ பழியைப் போட்டுப் பேசிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவள் கடைசி வாரையும் பூட்டிவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கே கேட்டேன், இறங்கி எங்க போறோம்னு. நீ சென்னைக்குன்ன."

பிறகு எழுந்து கோலுக்குப் போய்விட்டாள்.

இன்று இரண்டு முட்டையும் டிபனிலேயே திரும்பி வந்தன. அம்மா பார்த்துவிட்டு எடுத்து உள்ளே வைத்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் சீக்கிரம் எழுந்து கணக்குப் புத்தகத்தில் பாடத்தின் தொடக்கத்தைப் படித்தேன். பயிற்சிக் கணக்குகளுக்கு முன்னால் நாலு பக்கம் இருக்கும், யாரும் படிக்காத பக்கங்கள், தாள்கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் இதுவரை படித்ததில்லை. அடுக்கை இறக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தவள்தானே.

முதல் மணி அடிக்கும் முன்பே ஜெயராணி டீச்சரிடம் போனேன். "இன்னொரு தடவ அவளுக்குத் தேர்வு வைங்க டீச்சர்" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

அவர் காத்திருந்தார். "எங்க ஜோக்கு?"

"இன்னைக்கு இல்ல டீச்சர்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முகாமுக்குப் பெயர் அனுப்ப நாளைக்குக் கடைசி. நாளைக்கு ஹெச்.எம். ரூம்ல, போர்டுல, ஒரே ஒரு கணக்கு. பி.டி. டீச்சரும் ஒரு வாரமா என் உசிர வாங்குதாவ. ஹெச்.எம். கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ போய் அவகிட்டப் பேசு."

பேச்சியிடம் பேசுவதுதான் கஷ்டம். ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பந்தை நேராக மேலே எறிந்தேன். அவள் கண் தானாகவே அதன் பின்னால் போனது. பிடித்துக்கொண்டாள்.

"இப்ப மேல போகும்போது பந்து எப்படிப் போச்சு?"

"மொதல்ல வேகமா. பெறகு வேகம் கொறஞ்சு கொறஞ்சு..."

"உச்சியில?"

"செத்த நேரம் நிக்கும்" என்றாள். "அங்கனதான் பந்து பெருசாத் தெரியும். கீப்பருக்கு அதான் நேரம்."

படியில் சாக்பீஸால் எழுதினேன். உயரம் = 20t − 5t². t என்பது எறிந்த பிறகு போன நொடி. "இது பந்து எங்க இருக்குன்னு சொல்லும். ஒரே ஒரு படி இறக்கு."

இறக்கினாள். 20 − 10t.

"இது என்ன தெரியுமா? வேகம். எறிஞ்ச கணத்துல இருவது. ஒரு நொடி கழிச்சு?"

"பத்து."

"ரெண்டு நொடி கழிச்சு?"

உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். "பூச்சியம்." பிறகு நிமிர்ந்து, "ஏட்டி, அதான் உச்சியா? அங்கனதான் நிக்குதா?" என்றாள். எழுந்துவிட்டாள். கையில் இருந்த பந்தைத் தானே எறிந்தாள், அண்ணாந்து பார்த்தாள், மறுபடி எறிந்தாள். உச்சியில் அது நிற்கும் ஒவ்வொரு தடவையும், "பூச்சியம்... பூச்சியம்..." என்று சொல்லிக்கொண்டாள். மைதானத்தில் இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"இன்னொரு படி இறங்குனா?"

"கழித்தல் பத்து. அது பூமி இழுக்கிற இழுப்பு. அதுக்கும் கீழ ஒண்ணும் இல்ல. டீச்சர் கேட்டது வேகம். நீ பூமியத் தாண்டிப் போயிட்ட."

யோசித்தாள். "அப்ப ஒவ்வொரு படியும் வேற வேற சாமான்."

"ஆமா. அதான் நடுவுல சமம் போடக் கூடாது. உயரமும் வேகமும் எப்படிச் சமமாகும்? இடது பக்கம் dy/dx னு எழுது. ஒரு படி இறங்கிட்டேன்னு அதுக்கு அர்த்தம். எழுதிட்டு அங்கயே நில்லு."

"நடுவுலயா?"

"அது நடு இல்லட்டி. அதான் இடம்."

பந்தை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். "தரையில கெடக்க மாறிலி? அத மட்டும் ஏன் வெளிய தட்டணும்?"

அதற்கும் புத்தகத்தில் பதில் இருந்தது, ஆனால் நான் பந்தை வாங்கிக்கொண்டு கேலரி உச்சிக்கு ஏறினேன். அங்கிருந்து பந்தை எறிந்தேன். "இப்ப பந்து கொஞ்சம் உயரத்துல இருந்து பொறப்படுது. சூத்திரத்துல கூட ஒரு மூணு சேரும். வகையிட்டா அந்த மூணு போயிரும். ஏன்னா வேகத்துக்கும் நான் எங்க நிக்கேங்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. எறியுற கை ஒண்ணுன்னா வேகமும் ஒண்ணு."

"எந்தப் படியில நின்னு எறிஞ்சாலுமா?"

"எந்தப் படியில நின்னாலும்."

"தரையில நின்னாலுமா?"

"தரையில நின்னாலும்."

கிழிந்து நூல் தொங்கும் கால்காப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப சரி" என்று சொல்லி என் டிபன் பெட்டியை இழுத்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

தலைமையாசிரியை அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு செம்பருத்திச் செடி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றும் திடீர் ஆர்வம் எனக்கு வந்தது. ஒரு குடம் ஊற்றினேன், இரண்டாவது குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே தலைமையாசிரியை, ஜெயராணி டீச்சர், பலகை முன்னால் பேச்சி. டீச்சர் கணக்கை எழுதினார்.

y = 5x³ − 4x² + 7x − 9

பேச்சி சாக்பீஸை எடுத்தாள். உடனே எழுதவில்லை. இடது காலை லேசாகத் தூக்கி வைத்தாள், பிறகு வலதுகாலை, கண்ணுக்குத் தெரியாத படியில் இறங்குகிற மாதிரி. எழுதினாள்.

dy/dx = 15x² − 8x + 7

தலைமையாசிரியைக்கு வரலாறுதான் பாடம். பலகையைப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார்.

பேச்சியின் கை மறுபடி பலகைக்குப் போனது. ஏழுக்குப் பக்கத்தில், சமம் போட வேண்டிய இடத்தில், சாக்பீஸ் நின்றது. என் கையில் இருந்த குடம் சாய்ந்து தண்ணீர் முழுக்க என் செருப்பில் கொட்டியது. குளிர்ந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அவ்வளவுதான் டீச்சர். நீங்க ஒரு தடவதான கேட்டிய."

"இங்க ஒரு ஒன்பது இருந்துச்சே, அது எங்க போச்சு?"

"அது நான் எந்தப் படியில நிக்கேங்கிறது டீச்சர். வேகத்துல வராது."

தலைமையாசிரியை ஜெயராணி டீச்சரைப் பார்த்தார். ஜெயராணி டீச்சர் பலகையைப் பார்த்துக்கொண்டே, "வராது டீச்சர்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கையெழுத்துப் போடும் பச்சை மைப் பேனாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு தலைமையாசிரியையின் குரலும் கேட்டது. "செண்பகக்கனி, அந்தச் செடி அழுகிப் போகும். போதும், கிளாஸுக்குப் போ."

பிப்ரவரி 9, ஞாயிறு

பேச்சி இன்று சென்னைக்குப் புறப்பட்டாள். நான் வழியனுப்பப் போகவில்லை. தண்ணீர் வந்திருந்தது.

குடங்களை நிரப்பிய பிறகு ரயில் நிலையத்துப் பக்கம் வேறு ஒரு வேலை இருந்தது. போன இடத்தில் அவளும் இருந்தாள், அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் ஒரு தோளில் கால்காப்பு மூட்டையும் மறு தோளில் பையுமாக நின்றார். "நீதான் கணக்கு டீச்சராம்மா?" என்று கேட்டார். அம்மா கொடுத்தனுப்பிய முட்டைகளைக் கொடுத்தேன். அம்மாவாகவேதான் அவித்தாள், நான் கேட்கவில்லை. "அந்த மூளைக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ரயில் வந்ததும் பேச்சி டென்னிஸ் பந்தை என் கையில் திணித்தாள்.

"இத வச்சுக்க. நாளைக்குச் சாயங்காலம் கேலரிக்குப் போ."

"நீயே இல்ல, அங்க என்ன வேல?"

"சும்மா போ, ஏட்டி."

ஒரு மாதம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. புழுதி அதிகம் அந்த ஸ்டேஷனில். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். தலைமையாசிரியை நடுவில். என்னைக் கண்டதும் கூட்டம் வழி விட்டது, குற்றவாளிக்கு விடுகிற மாதிரி.

பலகையில் ஒரு தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் கால்காப்புப் போட்ட மாதிரி தடிமன்.

'இன்று மாலை கேலரியில் வகையிடல் நடைபெறும். எடுப்பவர் செண்பகக்கனி டீச்சர். மெல்லக் கற்போர் வரவும். கோல்கீப்பர் உத்தரவுப்படி.'

"நீ ஒட்டுனதா?" என்றார் தலைமையாசிரியை.

"சத்தியமா இல்ல டீச்சர்!"

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசினேன், ஒருவரும் நம்பவில்லை. தலைமையாசிரியை தாளின் ஒரு மூலை காற்றில் ஆடுவதைப் பார்த்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்துத் தாளில் இருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கி அந்த மூலையில் குத்திவிட்டுப் போய்விட்டார்.

ஒருத்தியும் வரமாட்டாள் என்று நினைத்துத்தான் சாயங்காலம் போனேன். கேலரியில் ஏழெட்டுப் பேர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பி பிரிவு. ஓரத்தில் ரெபேக்காள், என்னைப் பார்க்காத மாதிரி பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பொடிசு ஒன்று, மடியில் டிபன் பெட்டி.

"நீ எதுக்கு வந்த?"

"வகையிடல்னு போட்டிருந்துச்சேக்கா. எலுமிச்சை சாதம் கொண்டாந்தேன்."

படிகளில் பேச்சி நின்ற இடங்களில் சாக்பீஸ் எண்கள் பாதி அழிந்திருந்தன. மறுபடி எழுதினேன். "ரெபேக்காள், எக்ஸ் நாலாம் அடுக்கு. போய் நில்லு."

நாலாம் படியில் போய் நின்றாள்.

"ஒரு படி இறங்கு."

இறங்கினாள். அடுத்த படிக்குக் கால் நீண்டது.

"நில்லு!"

நின்றாள். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் இங்க நிக்கணும்? இறங்கி எங்கட்டி போறோம்?"

பையில் இருந்து பந்தை எடுத்தேன்.